வீட்டு விற்பனைப் பதிவுகளின் உள்ளூர்ப் பிரதி: மாற்றங்களை மட்டும் பெற்றுப் பேணும் முறை

அமெரிக்காவில் ஒரு வீடு விற்பனைக்கு வரும்போது, அதை விற்றுத் தரப் பொறுப்பேற்கும் தரகர் அதன் விலை, முகவரி, அறைகளின் எண்ணிக்கை, படங்கள் ஆகியவற்றை அந்த வட்டாரத்தின் எம்எல்எஸ் என்னும் பொதுப் பதிவமைப்பில் ஏற்றுகிறார். நாடு முழுவதற்கும் ஒரே பதிவமைப்பு அங்கே இல்லை. வட்டார வாரியாகச் சுமார் 500 எம்எல்எஸ்கள் தனித்தனியே இயங்குகின்றன. தரகு நிறுவனத்தின் இணையதளத்தில் நாம் காணும் வீடுகள் பெரும்பாலும் இவற்றிலிருந்து வருபவையே. சென்னையிலும் கோவையிலும் அமர்ந்து அமெரிக்கத் தரகு நிறுவனங்களுக்கு இணையதளம் கட்டித் தரும் நிரலாளர்கள், இந்தப் பதிவுகளின் பிரதி ஒன்றைத் தம் தரவுத்தளத்தில் வைத்து, அதை மூலத்தோடு ஒத்திருக்குமாறு பேணும் வேலையைப் பெரும்பாலும் தொடக்கத்திலேயே சந்திக்கிறார்கள். அவ்வேலையை முதன்முறையாகச் செய்பவர்களுக்காக இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பார்வைக்கு வேலை எளியது. கடைசியாகக் கேட்டதற்குப் பின் மாறியவற்றைக் கேட்க வேண்டும், வந்தவற்றை எழுதிக்கொள்ள வேண்டும், சிறிது நேரம் கழித்து மறுபடியும் கேட்க வேண்டும். இதற்கான நிரலை ஒரே மாலைப்பொழுதில் எழுதி முடித்துவிடலாம். ஆனால் வந்ததை எழுதுவது இவ்வேலையின் சிறுபகுதிதான். எது வராமல் போனது, எது இல்லாமலே போய்விட்டது என்பதைக் கண்டறிவதற்கே மீதி உழைப்பு முழுவதும் செலவாகும். விற்றுப்போன வீட்டை இன்னும் விற்பனையில் இருப்பதாகக் காட்டும் தளத்தை வாடிக்கையாளர் ஒருமுறை பார்த்துவிட்டால், அதில் சரியாக இருக்கும் மற்ற ஆயிரம் வீடுகளையும் அவர் நம்புவதில்லை.

தொழில்நுட்பப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இத்தரவைப் பரிமாறிக்கொள்ள 1999 ஆம் ஆண்டில் ரெட்ஸ் என்னும் தரநெறி வந்தது. அதைப் பேணிய ரெசோ அமைப்பு 2011 இல் தனி அமைப்பாகி, பின்னர் ரெசோ வெப் ஏபிஐ என்னும் புதிய தரநெறியை உருவாக்கியது; ரெட்ஸ் 2018 இல் அதிகாரப்பூர்வமாகக் கைவிடப்பட்டது. புதிய தரநெறி ஓடேட்டா என்னும் வினவல் முறையின்மேல் அமைந்தது. விடைகள் ஜேசன் வடிவில் வரும். புலங்களின் பெயர்களை ரெசோவின் தரவு அகராதி வரையறுக்கிறது. ஆகவே பாஸ்டனுக்கு எழுதிய நிரலை டாலஸுக்கும் பெருமளவு பயன்படுத்தலாம். பெருமளவு என்று மட்டுமே சொல்ல முடியும். எம்எல்எஸ்களின் தரவை ஏபிஐ வழியே நமக்குத் தரும் ஒவ்வொரு வழங்குநருக்கும் சில தனிப் பழக்கங்கள் உண்டு.

முதற்படி: உரிமத்தைப் படித்தல்

நிரல் எழுதுவதற்கு முன் உரிம ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஐடிஎக்ஸ் என்பது தரகர்கள் ஒருவர் மற்றவரின் விற்பனைப் பதிவுகளைத் தம் தளத்தில் காட்டிக்கொள்ளும் ஏற்பாடு. பொதுமக்கள் பார்க்கும் தளத்துக்கு வழங்கப்படும் ஐடிஎக்ஸ் உரிமம் வேறு. தரகு அலுவலகத்தின் உள்பயன்பாட்டுக்கான உரிமம் வேறு. ஒரே எம்எல்எஸ்ஸிலிருந்து இவ்விரண்டின் வழியே வரும் பதிவுகளும் புலங்களும் ஒன்றாக இருப்பதில்லை. அமெரிக்கத் தேசிய ரியல்டர்கள் சங்கத்தின் ஐடிஎக்ஸ் கொள்கைப்படி, தளத்தில் காட்டப்படும் தரவு 12 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது புதுப்பிக்கப்பட வேண்டும். இது உச்சவரம்புதான், நடைமுறையில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது வழக்கம். வீட்டை இணையத்தில் காட்ட வேண்டாம் என்றோ, முகவரியை மட்டும் மறைக்க வேண்டும் என்றோ சொல்லும் உரிமை வீட்டு உரிமையாளருக்கு உண்டு. அதற்கெனத் தனித்தனிப் புலங்கள் இருக்கின்றன. அவற்றை வடிவமைப்பின் முதல் நாளிலேயே கணக்கில் கொள்ளாமல் விட்டால், பின்னர் ஒருநாள் எம்எல்எஸ்ஸின் விதிமீறல் கடிதம் அவற்றை நினைவூட்டும்.

இரண்டாம் படி: அட்டவணைகளை அமைத்தல்

ஒவ்வொரு விற்பனைப் பதிவுக்கும் லிஸ்டிங் கீ, லிஸ்டிங் ஐடி என இரண்டு அடையாளங்கள் வரும். தரகர்கள் தொலைபேசியில் சொல்லிக்கொள்வதும் தளத்தில் அச்சிடப்படுவதும் லிஸ்டிங் ஐடி. அது மனிதர்களுக்கானது, அதை முதன்மைச் சாவியாக வைக்காதீர்கள். இரண்டு எம்எல்எஸ்களில் ஒரே ஐடி தற்செயலாக அமைந்துவிடுவது அரிதன்று. மூல அமைப்பின் பெயரையும் லிஸ்டிங் கீயையும் சேர்த்து முதன்மைச் சாவியாக்குங்கள். இன்று நீங்கள் ஒரே எம்எல்எஸ்ஸிடமிருந்து மட்டும் தரவு பெற்றாலும், அடுத்த ஆண்டில் வாடிக்கையாளர் பக்கத்து மாவட்டத்திலும் அலுவலகம் திறப்பார்.

தேடலுக்குத் தேவையான விலை, நிலை, ஊர், அஞ்சல் குறியீடு, படுக்கையறைகளின் எண்ணிக்கை, ஆயத்தொலைகள் போன்றவற்றைத் தனி நெடுவரிசைகளாக்குங்கள். அதோடு வந்த ஜேசனை முழுமையாக, ஓர் எழுத்தும் மாற்றாமல், இன்னொரு நெடுவரிசையில் போட்டு வையுங்கள். இடம் வீணாகிறதே என்று தோன்றும். ஆனால் ஆறு மாதங்கள் கழித்து, நீச்சல்குளம் உள்ள வீடுகளைத் தனியே காட்ட வேண்டுமென்று கேட்கப்படும் நாளில், எல்லாப் பதிவுகளையும் மறுபடியும் தருவிக்காமல் உங்கள் தரவுத்தளத்திலிருந்தே அப்புலத்தைப் பிரித்தெடுத்துக்கொள்ள அது உதவும்.

ஒவ்வொரு பதிவிலும் மாடிஃபிகேஷன் டைம்ஸ்டாம்ப் என்னும் புலம் ஒன்று உண்டு. அப்பதிவு மூலத்தில் கடைசியாக எப்போது மாறியது என்பதை அது சொல்கிறது. இனி அதை மாற்ற நேரம் என்றே குறிப்பிடுகிறேன். அது உலகப் பொது நேரத்தில், பெரும்பாலும் மில்லிநொடி வரையிலான துல்லியத்தோடு வரும். வந்த துல்லியத்தைக் குறைக்காமல், நேர மண்டலத்தையும் காக்கும் தரவு வகையில் அதைச் சேமியுங்கள்.

நான் பணியாற்றிய திட்டம் ஒன்றில் அந்த நெடுவரிசை நேர மண்டலம் இல்லாத வகையாக அமைந்திருந்தது. சேமித்த நேரத்தைத் திரும்பப் படிக்கும்போது அதை இந்திய நேரம் என்று கருதிய நூலகம், பொது நேரமாக மாற்றுவதற்காக ஐந்தரை மணி நேரத்தைக் கழித்துக்கொண்டிருந்தது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் ஐந்தரை மணி நேரத்து மாற்றங்கள் தேவையின்றித் திரும்ப வந்தன. வேகம் குறைந்ததே தவிரத் தரவு கெடவில்லை என்பதால் யாரும் கவனிக்கவில்லை. பின்னர் ஒருவர் வேகத்தைக் கூட்டுவதற்காக அந்தக் கணக்கைத் திருத்தப் போய், நேரத்தை எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டார். கேட்கும் நேரம் எதிர்காலத்துக்குப் போய்விட்டதால், அன்று பிற்பகல் முழுவதும் ஒரு மாற்றமும் வரவில்லை, பிழைச்செய்தியும் இல்லை. வெறும் பக்கம் என்பதும் முறையான விடைதானே.

கடைசியாக, ஒத்திசைவின் நிலையைக் குறிக்கும் சிறிய அட்டவணை ஒன்று வேண்டும். இதுவரை அளந்துவிட்டோம் என்று காட்ட நிலத்தில் நடும் எல்லைக்கல்லைப்போல, இந்த நேரம் வரையிலான மாற்றங்கள் நம்மிடம் வந்துவிட்டன என்பதை அது சொல்லும். மூலம் ஒவ்வொன்றுக்கும், பதிவு வகை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எல்லைக்கல் இருக்கட்டும்.

மூன்றாம் படி: முதன்முறை முழுவதையும் ஏற்றுதல்

முதல் ஏற்றத்தில் புதியவர்கள் செய்யும் தவறு பக்கங்களை எண்ணிக்கையால் தாண்டுவது. முதல் 200 பதிவுகளைத் தாண்டி அடுத்த 200, முதல் 400ஐத் தாண்டி அடுத்த 200 என்று கேட்பது அசையாமல் இருக்கும் பட்டியலுக்குப் பொருந்தும். இந்தப் பட்டியலோ நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே நகர்கிறது. மாற்ற நேரத்தின் ஏறுவரிசையில் படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கங்களைப் படித்து முடித்த நிலையில், முதற்பக்கத்தில் இருந்த வீடொன்றின் விலை குறைக்கப்படுகிறது. உடனே அப்பதிவு வரிசையின் கடைசிக்குப் போகிறது. மற்றவை ஒவ்வோர் இடம் முன்னே நகர்கின்றன. மூன்றாம் பக்கத்தின் முதலில் இருந்த பதிவு இப்போது இரண்டாம் பக்கத்தின் கடைசியில் நிற்கிறது. அந்தப் பக்கத்தை நீங்கள் ஏற்கெனவே படித்துவிட்டதால், அந்த வீடு உங்கள் பிரதிக்கு வரவே வராது.

ஆகவே, வழங்குநர் ஒவ்வொரு விடையின் முடிவிலும் தரும் அடுத்த பக்கத்துக்கான இணைப்பையே பின்பற்றுங்கள். அந்த முகவரியை நீங்களாகக் கட்டவும் வேண்டாம், திருத்தவும் வேண்டாம். பிரதியெடுப்பதற்கென்றே சில வழங்குநர்கள் தனி வாயில் வைத்திருக்கிறார்கள். எடுத்துக்காட்டாக, பிரிட்ஜ் இன்டராக்டிவ் நிறுவனத்தின் ஏபிஐயில் சாதாரண வினவலுக்கு ஒரு பக்கத்தில் 200 பதிவுகள் வரை கிடைக்கும். பிரதிக்கான வாயிலில் 2000 வரை கிடைக்கும். ஸ்பார்க் ஏபிஐயிலும் அப்படியே, சாதாரண அனுமதிக்கு 25, பிரதிக்கான அனுமதிக்கு 1000. அந்த வாயிலுக்கான அனுமதியை முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று, அனுபவமுள்ளவர்களும் சறுக்கும் இடம். முதல் ஏற்றத்தில் விற்பனையில் இருக்கும் வீடுகள் மட்டும் போதும் என்று வடிகட்டி இடுவது இயல்பு; பத்தாண்டுப் பழைய விற்பனைகளை இறக்கிப் பயனில்லை. ஏற்றம் காலை 10 மணிக்குத் தொடங்குகிறது. 10:05க்கு ஒரு வீடு விற்பனையில் இருப்பதாக வந்து சேர்கிறது. 10:20க்கு அதற்கு ஒப்பந்தம் ஆகிவிடுகிறது. ஏற்றம் 11 மணிக்கு முடியும்போது, வந்தவற்றில் மிகப் பிந்திய மாற்ற நேரம் 10:55 என்று வைத்துக்கொள்வோம். அதை எல்லைக்கல்லாக நட்டால், அடுத்த சுற்று 10:55க்குப் பின் மாறியவற்றை மட்டுமே கேட்கும். 10:20க்கு ஆன ஒப்பந்தம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. வடிகட்டி இருந்ததால் முதல் ஏற்றமும் அம்மாற்றத்தைக் காட்டியிருக்காது.

இதற்குத் தீர்வு எளியது. ஏற்றத்தைத் தொடங்குவதற்கு முன், வடிகட்டி ஏதுமின்றி, மாற்ற நேரத்தின் இறங்குவரிசையில் ஒரே ஒரு பதிவை மட்டும் கேளுங்கள். அதன் மாற்ற நேரம்தான் எல்லைக்கல். ஏற்றம் எத்தனை மணி நேரம் நீடித்தாலும், அது முடிந்தபின் அந்தக் கல்லிலிருந்தே தொடருங்கள். சில பதிவுகள் இருமுறை வரும், வரட்டும்.

நான்காம் படி: மாற்றங்களை மட்டும் கேட்டல்

இனி ஒவ்வொரு சுற்றும் ஒரே வடிவில் நடக்கும். எல்லைக்கல்லின் நேரத்திலும் அதற்குப் பின்னும் மாறிய பதிவுகளை, மாற்ற நேரத்தின் ஏறுவரிசையில் கேட்க வேண்டும். வந்த பதிவு நம்மிடம் ஏற்கெனவே இருந்தால் திருத்த வேண்டும், இல்லையென்றால் சேர்க்க வேண்டும். அதன்பின் எல்லைக்கல்லை முன்னே நகர்த்த வேண்டும். இந்த மூன்று செயல்களுக்குள் கவனிக்க வேண்டியவை ஐந்தாறு இருக்கின்றன.

எல்லைக்கல்லை உங்கள் கடிகாரத்திலிருந்து எடுக்காதீர்கள். வந்த பதிவுகளின் மாற்ற நேரத்திலிருந்தே எடுங்கள். சுற்று 10:00க்குத் தொடங்கி 10:07க்கு முடிந்து, முடிந்த நேரத்தைக் குறித்து வைத்தால், இடையிலிருந்த ஏழு நிமிட மாற்றங்கள் நழுவக்கூடும். தொடங்கிய நேரத்தைக் குறித்தாலும் உங்கள் கடிகாரமும் அவர்களுடையதும் ஒத்தே ஓடும் என்பதற்கு உறுதியில்லை.

கல்லின் நேரத்துக்குப் பின் என்று மட்டும் கேட்காமல், அந்த நேரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரு தரகு அலுவலகம் தன் பெயரை மாற்றும்போது அதன் பதிவுகள் நூற்றுக்கணக்கில் ஒரே மில்லிநொடியை மாற்ற நேரமாகப் பெறக்கூடும். அவற்றில் பாதியைப் படித்த நிலையில் இணைப்பு அறுந்து, அடுத்த சுற்று அந்த நேரத்துக்குப் பின் என்று கேட்டால், மறுபாதி என்றென்றைக்கும் விடுபட்டுப் போகும். ஒரே பதிவு இருமுறை வந்தாலும் விளைவு மாறாதவாறு எழுதும் பகுதியை அமைத்துவிட்டால், திரும்பக் கேட்பதில் எந்த நட்டமும் இல்லை.

இன்னும் ஒரு படி மேலே போய், கல்லிலிருந்து சில நிமிடங்கள் பின்வாங்கிக் கேட்பது நல்லது. மூலத்தில் 10:00:00 என்று நேரம் இடப்பட்ட பதிவு, அவர்களுடைய உள்பிரதிகளுக்குப் பரவி ஏபிஐயில் தெரிவதற்குச் சற்றுத் தாமதமாகலாம். அதற்குள் 10:00:15 நேரமுடைய பதிவு வந்து உங்கள் கல் முன்னே போயிருந்தால், தாமதமாக வந்தது கல்லுக்குப் பின்னால் மறைந்துவிடும். நான் 10 நிமிடங்கள் பின்வாங்கும்படி வைக்கிறேன். பின்வாங்கிக் கேட்கும்போது பழைய வடிவம் புதியதன்மேல் ஏறிவிடாதபடி, வந்த பதிவின் மாற்ற நேரம் நம்மிடம் இருப்பதைவிட முந்தியதாக இருந்தால் எழுதாமல் விடுங்கள்.

பதிவுகளை எழுதுவதும் கல்லை நகர்த்துவதும் ஒரே டிரான்ஸாக்ஷனில் நடக்க வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் இவ்வாறு செய்து முடித்தால், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கல்லை முதலில் நகர்த்திவிட்டுப் பதிவுகளைப் பிறகு எழுதும் நிரலைக் கண்டால் உடனே திருத்துங்கள்.

இந்தப் படியில் மிகவும் அடிக்கடி நேரும் பிழையைக் கடைசியாகச் சொல்கிறேன். முதல் ஏற்றத்தில் பயன்படுத்திய வடிகட்டியை மாற்றங்களைக் கேட்கும்போதும் அப்படியே விட்டுவிடுவார்கள். ஸ்டாண்டர்ட் ஸ்டேட்டஸ் என்னும் புலம் ஒரு வீட்டின் நிலையைச் சொல்கிறது. ஆக்டிவ், பெண்டிங், க்ளோஸ்டு, வித்ட்ரான், எக்ஸ்பயர்டு, கேன்சல்டு முதலிய மதிப்புகள் அதற்கு உண்டு. ஆக்டிவ் நிலையில் உள்ளவற்றில் மாறியவை என்று கேட்டால், ஆக்டிவிலிருந்து பெண்டிங்குக்குப் போன வீடு அந்த வடிகட்டிக்கு வெளியே நிற்கிறது. அது மாறிய செய்தி உங்களுக்கு எட்டாது. உங்கள் பிரதியில் அவ்வீடு என்றும் விற்பனையிலேயே இருக்கும். மாற்றங்களைக் கேட்கும் வினவலில் நிலையைக் கொண்டு வடிகட்டாதீர்கள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, எதைக் காட்டுவது என்பதை உங்கள் பக்கத்தில் முடிவு செய்யுங்கள். விலை, ஊர் முதலிய மாறக்கூடிய புலம் எதற்கும் இதுவே பொருந்தும்.

ஐந்தாம் படி: இல்லாமல் போனவற்றைக் கண்டறிதல்

ஒரு வீடு உங்கள் தளத்திலிருந்து விலக வேண்டிய சூழல்கள் மூன்று. முதலாவது, அதன் நிலை மாறுவது. வடிகட்டி இல்லாத வினவலில் அது தானாகவே தெரிந்துவிடும். இரண்டாவது, பதிவு மூலத்தில் இருந்தும் அதைக் காட்டும் அனுமதி உங்களுக்கு இல்லாமல் போவது. எம்எல்எஸ் கிரிட் என்னும் வழங்குநர் இதற்கெனத் தனிப் புலம் வைத்திருக்கிறது. எம்எல்ஜி கேன் வியூ என்னும் அப்புலத்தின் மதிப்பு 'இல்லை' (false) என்று வந்தால், அப்பதிவை உங்கள் தரவுத்தளத்திலிருந்து நீக்கிவிட வேண்டும். இப்படி நீக்கச் சொல்லும் பதிவுகளை வழங்குநர்கள் காலமெல்லாம் வைத்திருப்பதில்லை. ஆகவே உங்கள் நிரல் நெடுநாள் நின்றுபோயிருந்தால், பழைய கல்லிலிருந்து தொடர்வதைவிட முழு ஏற்றத்தையே மீண்டும் செய்வது பாதுகாப்பானது.

மூன்றாவது சூழல்தான் தொல்லை. தரகு அலுவலகம் ஒன்று ஐடிஎக்ஸிலிருந்து விலகுகிறது. அல்லது தவறுதலாக இருமுறை ஏற்றப்பட்ட பதிவை எம்எல்எஸ் அழித்துவிடுகிறது. அப்பதிவுகள் உங்களுக்குரிய விடையிலிருந்து சத்தமின்றி மறைகின்றன. இல்லாத பதிவுக்கு மாற்ற நேரம் ஏது? மாறியவற்றை எத்தனை முறை கேட்டாலும் இது தெரியாது.

இதற்கு ஒரே வழி சாவிகளை ஒப்பிடுவது. நாளுக்கு ஒருமுறையாவது, லிஸ்டிங் கீ, மாற்ற நேரம் ஆகிய இரண்டு புலங்களை மட்டும் கேட்டு, மூலத்தில் உள்ள எல்லாப் பதிவுகளின் பட்டியலையும் பெறுங்கள். முதல் ஏற்றத்துக்கு வைத்த அதே வடிகட்டியை இங்கே பயன்படுத்தலாம். அப்போது உங்கள் பக்கத்திலும் அதே நிலையில் உள்ளவற்றோடு மட்டும் ஒப்பிட வேண்டும். அங்கே இருந்து இங்கே இல்லாதவற்றையும், இருபக்கமும் இருந்து மாற்ற நேரம் வேறுபடுபவற்றையும் தனித்தனியே கேட்டு வாங்குங்கள். இங்கே இருந்து அங்கே இல்லாதவையே மறைந்தவை. எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டு நிறைவடைந்துவிடாதீர்கள். ஒன்று மறைந்து, ஒன்று விடுபட்டிருந்தால் எண்ணிக்கை ஒத்தே நிற்கும்.

இந்த ஒப்பீட்டைச் செய்யும் நிரல் அழிக்கும் அதிகாரம் பெற்றது என்பதால், அதற்கு இரண்டு கடிவாளங்கள் தேவை. சாவிப் பட்டியல் வந்துகொண்டிருக்கும் சில நிமிடங்களுக்குள் மாற்றங்களைக் கேட்கும் நிரல் ஒரு புதிய வீட்டைச் சேர்த்திருக்கலாம். அது பட்டியலில் இருக்காது. ஆகவே ஒப்பீடு தொடங்கிய நேரத்துக்குப் பின் நம் தரவுத்தளத்தில் எழுதப்பட்ட எதையும் மறைந்ததாகக் கொள்ளக் கூடாது. இன்னொன்று, வழங்குநரின் பக்கத்தில் கோளாறு ஏற்பட்டுப் பாதிப் பட்டியலே வந்திருந்தால், மீதிப் பாதியை நாம் அழித்துவிடுவோம். மறைந்தவை மொத்தத்தில் இத்தனை விழுக்காட்டுக்குமேல் போனால் எதையும் தொடாமல் நின்று ஆளைக் கூப்பிடும்படி எழுதுங்கள். 3 விழுக்காடு தொடக்கத்துக்குப் போதும், பின்னர் உங்கள் சந்தையின் போக்கைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். அந்த வரம்புக்குள் இருந்தால் முதல் ஒப்பீட்டிலேயே தளத்திலிருந்து மறைத்துவிடுங்கள். அடுத்த ஒப்பீட்டிலும் காணவில்லையென்றால் அழியுங்கள்.

நிகழ்வு வரிசை ஒன்றை வழங்கும் என்டிட்டி ஈவென்ட் என்னும் ஏற்பாட்டையும் ரெசோ வகுத்திருக்கிறது. நேரத்துக்குப் பதிலாக ஏறிக்கொண்டே போகும் வரிசை எண் அதில் எல்லைக்கல்லாகிறது. உங்கள் வழங்குநர் அதைத் தருகிறார் என்றால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் சாவி ஒப்பீட்டைக் கைவிடாதீர்கள்.

ஆறாம் படி: படங்களும் துணைப் பதிவுகளும்

படங்களே அளவில் பெரியவை. அவற்றைப் பதிவு எழுதும் நிரலுக்குள்ளேயே இறக்க முயன்றால் ஒரு சுற்று முடியவே முடியாது. இறக்க வேண்டியவற்றைத் தனி வரிசையில் போட்டு, இன்னொரு நிரல் நிதானமாக இறக்கட்டும். போட்டோஸ் சேஞ்ச் டைம்ஸ்டாம்ப் என்னும் புலம் நம்மிடம் இருப்பதிலிருந்து மாறியிருந்தால் மட்டும் படங்களைத் தொடுங்கள். விலை மாறியதற்காக முப்பது படங்களையும் திரும்ப இறக்குவது வீண். ஒவ்வொரு படத்துக்கும் மீடியா கீ உண்டு. புதிய பட்டியலில் உள்ள கீகளை இருப்பவற்றோடு ஒப்பிட்டு, புதியவற்றை இறக்கி, வரிசை மாறியிருந்தால் அதை மட்டும் திருத்தி, பட்டியலில் இல்லாதவற்றை நீக்குங்கள். புதியவை வந்து சேரும்வரை பழையவற்றை விட்டுவைப்பது நல்லது. படமே இல்லாத வீட்டை யாரும் திறந்து பார்ப்பதில்லை. வழங்குநரின் பட முகவரியையே தளத்தில் நேரடியாகப் பயன்படுத்தக் கூடாது என்று எம்எல்எஸ் கிரிட் போன்றவை விதித்திருப்பதையும், சில வழங்குநர்களின் பட முகவரிகள் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் செயலற்றுப் போவதையும் நினைவில் வையுங்கள்.

தரகர், அலுவலகம், திறந்த வீட்டுப் பார்வை நேரம் ஆகியவை தனிப் பதிவு வகைகள். தரகர் தன் தொலைபேசி எண்ணை மாற்றினால் அவர் விற்கும் வீடுகளின் மாற்ற நேரம் மாறும் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே ஒவ்வொரு வகைக்கும் தன் எல்லைக்கல்லும் தன் சாவி ஒப்பீடும் வேண்டும். தரகரின் பதிவு வருவதற்கு முன் அவருடைய வீட்டின் பதிவு வந்துவிடும் நாட்களும் உண்டு. இரண்டு அட்டவணைகளுக்கிடையே கட்டாய இணைப்புச் சாவி வைத்திருந்தால் அன்று எழுதுதல் தோற்கும். நான் அதை வைப்பதில்லை.

ஏழாம் படி: வேகமும் கால அட்டவணையும்

எம்எல்எஸ் கிரிட் நொடிக்கு 2 வேண்டுகோள், மணிக்கு 7200 என்று வரம்பு வைத்திருக்கிறது. மற்றவர்களுக்கும் தத்தம் வரம்புகள் உண்டு. 40,000 வீடுகளைப் பக்கத்துக்கு 1000 வீதம் இறக்க 40 வேண்டுகோள்கள் போதும். 15 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்றால் நாளுக்கு 96 சுற்றுகள், பெரும்பாலானவற்றுக்கு ஒரே பக்கம். வரம்பைத் தொடுபவை படங்களும், ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியே கேட்கும் நிரல்களுமே. வரம்பு மீறினால் 429 என்னும் விடை வரும். எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்று அதனுடன் சொல்லப்பட்டிருந்தால் அவ்வளவு காத்திருங்கள். சொல்லப்படவில்லையென்றால் காத்திருக்கும் நேரத்தை ஒவ்வொரு முறையும் இரட்டித்துக்கொண்டே போங்கள். ஒரு சுற்று முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடாதபடி பூட்டு ஒன்றும் வேண்டும். பூட்டிய நிரல் செத்துப்போனால் பூட்டு தானே விடுபட வேண்டும்.

எட்டாம் படி: கண்காணித்தலும் சோதித்தலும்

முன்பு சொன்ன ஐந்தரை மணி நேரக் கதையில், நிரல் ஒவ்வொரு சுற்றையும் வெற்றி என்றே பதிந்துகொண்டிருந்தது. சுற்று வெற்றியாக முடிந்ததா என்பதைக் கவனிப்பது போதாது. எல்லைக்கல் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அந்த எம்எல்எஸ் இருக்கும் ஊரின் பகல் வேளையில் இரண்டு மணி நேரம் ஒரு மாற்றமும் வரவில்லையென்றால், அல்லது கல்லின் நேரம் இப்போதைய நேரத்தைத் தாண்டிப் போயிருந்தால், எச்சரிக்கை ஒலிக்கட்டும். அங்கே விடுமுறையான நன்றி நவிலும் நாளில் அது வீணாக ஒலிக்கும், பொறுத்துக்கொள்ளலாம்.

புலங்களும் நிலையானவை அல்ல. தேசிய ரியல்டர்கள் சங்கத்தின் வழக்கு உடன்பாட்டை அடுத்து, வாங்குபவரின் தரகருக்குத் தரப்படும் தொகையை எம்எல்எஸ்ஸில் குறிப்பிடுவது 2024 ஆகஸ்ட் 17 முதல் தடைசெய்யப்பட்டது. அதற்கான புலங்கள் விடைகளிலிருந்து அகற்றப்பட்டன. தேவைப்படும் புலங்களைப் பெயர் சொல்லிக் கேட்கும் வினவலில், இல்லாத புலத்தின் பெயர் ஒன்று இருந்தாலே வினவல் முழுவதும் மறுக்கப்படலாம். வழங்குநர் தரும் புல விவர ஆவணத்தை நாளுக்கு ஒருமுறை இறக்கி, முந்தைய நாளினதோடு ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் மின்னஞ்சல் அனுப்பும் சிறு நிரல் ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தளத்தை வெளியிடுவதற்கு முன் நான்கு சோதனைகளைச் செய்து பாருங்கள். எல்லைக்கல்லை ஒரு வாரம் பின்னே நகர்த்தி ஓட்டினால், சுற்று முடிந்தபின் எந்தப் பதிவும் இரட்டித்திருக்கக் கூடாது. ஒரு சுற்றின் நடுவில் நிரலைக் கொன்றுவிட்டு மறுபடி ஓட்டி, உடனே சாவிகளை ஒப்பிட்டால், விடுபட்டது எதுவும் இருக்கக் கூடாது. மூலத்தில் இல்லாத வீடு ஒன்றை உங்கள் தரவுத்தளத்தில் கையால் எழுதி, அதன் எழுதிய நேரத்தை முந்தைய நாளாக இட்டு வைத்தால், அடுத்த ஒப்பீடு அதைக் கண்டுபிடித்து மறைக்க வேண்டும். கடைசியாக, சாவிப் பட்டியலில் பாதியை வெட்டிவிட்டு ஒப்பீட்டை ஓட்டுங்கள். நிரல் ஒரு பதிவையும் தொடாமல் நின்று உங்களைக் கூப்பிட வேண்டும்.